எலுமிச்சை உப்பும் ஒரு கறுப்பு மேடையும்

பிப்ரவரி 10, திங்கள்

இந்த டைரியை எசென்ஸ் கம்பெனிக்காரர் நான் வேலை பார்க்கிற கடைக்குக் கொடுத்தார், முதலாளி அண்ணாச்சி எனக்குக் கொடுத்தார், நான் ஒரு மாதமாக அதன்மேல் சீப்பும் சாந்துப்பொட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வருகிறார்கள்! மார்ச் ஐந்தாம் தேதி வருகிறார்கள்!

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஃப்ளாரன்ஸ் மேடம் என்று ஒருவர் போன் செய்தார். தத்தெடுக்கப் பதிந்துவைத்திருக்கிறோமே, அதற்காக எங்களையும் வீட்டையும் பார்க்க வருகிறாராம். அவர் நல்லபடியாக எழுதிக்கொடுத்தால்தான் மேற்கொண்டு எல்லாம். இல்லையென்றால் அவ்வளவுதான். எனக்கு நாற்பத்தொன்று, இவருக்கு நாற்பத்தாறு. கைக்குழந்தைக்கு எங்கள் வயது ஒத்துவராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நடக்கிற, பேசுகிற, என்னோடு மல்லுக்கு நிற்கிற ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறோம்.

இவருடைய மிஷின் ரிப்பேர் கடைக்கு மூச்சு வாங்க ஓடினேன். ஒரு தையல் மிஷினைக் குப்புறப் போட்டு அதன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான்! கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் ஒரு தடவையாவது குதித்திருப்பாரா? இரண்டு பேருக்கும் சேர்த்து நானே குதிக்கவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேடத்தின் கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. குழாய்க்கெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்து, தண்ணீர் ஆளை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டுகிறது. வெந்நீர்க் கெட்டிலுக்குள்ளே ஒரு சுண்ணாம்புக் காளவாசல். குத்துவிளக்கு பித்தளையா இரும்பா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். தரை துடைக்கிற பவுடர், பல் தேய்க்கிற பேஸ்ட், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உப்பு அசையவில்லை. என் தோள்பட்டைதான் கழன்றது.

பிப்ரவரி 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

நான் பில் போடுகிற கடை ராஜாமணி அண்ணாச்சி கடை. கேக், ஐஸ்கிரீம், சர்பத் போடுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அங்கே கிடைக்கும். அங்கே எலுமிச்சை உப்பு மூட்டைமேல்தான் தினமும் என் சாப்பாட்டுத் தூக்கை வைப்பேன். பில்லில் சிட்ரிக் ஆசிட் என்று வரும். பனீர் போடுகிறவர் பாலைத் திரிக்க வாங்குவார். மிட்டாய்க்காரர் புளிப்புக்கு வாங்குவார். ஜாம் போடுகிற அக்கா, கெடாமல் இருக்க என்று வாங்கிப்போவார். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அதே புளிப்புதான், கற்கண்டை உடைத்தமாதிரி வெள்ளைத் தூளாக இருக்கும். இப்போது பழத்திலிருந்து எடுப்பதில்லையாம், சர்க்கரைப்பாகைப் பூசணம் விட்டுப் புளிக்கவைத்து எடுக்கிறார்களாம். அண்ணாச்சி சொன்னார். எப்படி எடுத்தால் என்ன, நாக்குக்கு எலுமிச்சைதான்.

இன்றைக்கு சோடா கம்பெனி சுடலைமணி அண்ணன் வந்திருந்தார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"உங்க கம்பெனியிலயும் போர் தண்ணிதானண்ணே? தொட்டியில உப்பு பிடிக்காதா?"

"பிடிக்காம இருக்குமா தாயி? மாசம் ஒருக்க இந்த உப்பையே ரெண்டு கை வெந்நியில கரைச்சு ஊத்தி வச்சிருவோம்லா. பொருபொருன்னு நுரைச்சு அம்புட்டும் கழண்டு வந்துரும். சோடாவுல போடுத சாமான்தான, பயமில்ல."

இத்தனை வருஷமாக அதன்மேலேயே சோற்றை வைத்துத் தின்றுகொண்டு, வீட்டில் குழாயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! அண்ணாச்சியிடம் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். வெந்நீரில் கரைத்து, பாலிதீன் பையில் ஊற்றி, ஷவர் தலையை அதற்குள் முக்கி ரப்பர்பேண்ட் போட்டேன். நுரைத்தது பாருங்கள்! கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைத்தேன். காளவாசல் காணாமல் போனது. இவரைக் கூப்பிட்டு ஷவரைத் திறந்து காட்டினேன். அத்தனை ஓட்டையிலும் தண்ணீர்! சட்டையோடு நனைந்துவிட்டார்.

"சரிதான்" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பாத்ரூமில் கீழே ஒரு சின்னக் குழாய் உண்டு. நாங்கள் அதைத் திறப்பதே கிடையாது. பிள்ளைக்கு எட்டுகிற உயரம் அதுதான். அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியதும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூள் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

குத்துவிளக்கு, சொம்பு, காமாட்சி விளக்கு, தாம்பாளம். எல்லாம் தங்கம். எல்லாம் தங்கம்!

வாழைக்காய் நறுக்கிப்போடும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன், கறுக்கவே இல்லை. வாளியில் பிடித்திருந்த உப்பு வளையம் போனது. இவரும் கொஞ்சம் கேட்டு வாங்கிப்போனார். துருப்பிடித்த பாபின்கேஸ், திருகாணி எல்லாவற்றையும் ஊறப்போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டால் புதுசு மாதிரி ஆகிறதாம். அதைச் சொல்லும்போது இவர் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஒரு வாரத்துக்கான பேச்சு இருக்கும்.

ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன், இவர் கடையில் பழைய அளவு டேப் மூன்றையும் சேர்த்துப் பின்னிவைத்திருக்கிறார். பின்னலாவது ஒழுங்காக இருக்கிறதா, கோணலாக! அளக்கிற சாமானை இப்படியா பாழ்பண்ணுவது? கேட்டால், "சும்மா கை அரிச்சுது" என்கிறார்.

பிப்ரவரி 22, சனி

பக்கத்து வீட்டு அருள்மொழிக்கு ஒரு பொட்டலம், எதிர்வீட்டு டீச்சருக்கு ஒரு பொட்டலம். தெருவே என்னிடம் உபாயம் கேட்கிறது. அண்ணாச்சி, "செண்பகம், நீ பில் போடுதியா, பிரச்சாரம் பண்ணுதியா?" என்கிறார்.

துவைக்க எடுத்த இவர் சட்டைப் பையில் சிவப்பு ரிப்பன்! கேட்டேன். கஸ்டமர் மிஷினுக்காம். ரிப்பன் போட்டு ஓடுகிற தையல் மிஷினை நான் இத்தனை வயதில் பார்த்ததில்லை. ஜன்னல் திரைக் கயிற்றையும் யாரோ பின்னிவைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் பின்னவில்லை. மனுஷருக்குப் பதற்றம் இப்படிக் கிறுக்காக வெளியே வருகிறது போலிருக்கிறது. பாவம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

சமையல் மேடைதான் பாக்கி இருந்தது. கன்னங்கரேல் என்ற கறுப்புக் கல். ஹவுஸ் ஓனர் ஜெயக்கொடி அக்கா எங்களுக்கு வீடு காட்டியபோதே அந்த மேடையைத் தட்டிக் காட்டி, "கிரானைட்டு. இந்தத் தெருவுல எவ வீட்டுலயும் கிடையாது" என்று சொன்னவர். மாதாமாதம் வரும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அதில் அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. எலுமிச்சை உப்பைக் கெட்டியாகக் குழைத்து, தோசை வார்க்கிற மாதிரி வட்டமாகப் பூசி, ஊறட்டும் என்று பிள்ளைக்குப் போர்வை வாங்கப் போய்விட்டேன். மஞ்சள் பூப்போட்டது. நல்ல போர்வை.

மத்தியானம் வந்து கழுவினால், கறுப்பு மேடையில் பெரிய வெள்ளை வட்டம்! பிசுக்கு போய்விட்டது, கல்லின் கறுப்பும் சேர்ந்து போய்விட்டது. தேய்க்கத் தேய்க்க இன்னும் வெளுக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருக்கிறது. புதன்கிழமை மேடம் வருகிறார். ஒரு மேடையையே காப்பாற்றத் தெரியாதவளிடம் பிள்ளையை எந்தப் பைத்தியக்காரி கொடுப்பாள்?

இவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "இது கிரானைட் இல்ல, கடப்பாக்கல்லு. கிரானைட் இதுக்கெல்லாம் அசராது. கடப்பா சுண்ணாம்புல்லா, குழாய்ல இருக்க உப்பு மாதிரிதான். இந்தப் புளிப்பு தின்னுபோடும்" என்றார்.

"அத காலையில சொல்லியிருக்கலாம்லாங்க!"

"காலையில அது கிரானைட்டுன்னுதான் நானும் நெனச்சேன்."

தேங்காயெண்ணெய் தடவினால் கறுப்பாகத் தெரிகிறது. காய்ந்தால் மறுபடியும் பல்லைக் காட்டுகிறது. கடைசியில் இரண்டு பேருமாகக் கிரைண்டரைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டோம்.

மார்ச் 3, திங்கள்

ஜெயக்கொடி அக்கா வந்தார். யார் சொன்னார்களோ! நேராக அடுப்படிக்குப் போய், "கிரைண்டர் ஏன் எடம் மாறியிருக்கு?" என்றார். போலீஸில் சேர்ந்திருக்கவேண்டிய ஆள்.

நகர்த்திப் பார்த்துவிட்டுக் குய்யோமுறையோ என்று ஆரம்பித்தார். "எங் கிரானைட்டு! எங் கிரானைட்ட இப்படிக் கொன்னு போட்டியே செண்பகம்!"

இவர் மெதுவாகச் சொன்னார்: "எலுமிச்சை உப்புக்கு கிரானைட் வெளுக்காதுக்கா. இது கடப்பா. வேணும்னா கல்லுக்கடையில ஒரு துண்டு கிரானைட் வாங்கியாறேன், ரெண்டுலயும் ஊத்திப் பாப்போம். எதிர்வீட்டு டீச்சரையும் சாட்சிக்குக் கூப்புடுதேன்."

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். எதிர்வீட்டு டீச்சர் என்றதும் முகம் மாறிவிட்டது. தெரு முழுக்கக் கிரானைட் என்று சொல்லிவைத்திருக்கிறாரே! "சரி, சரி, கிரைண்டர் அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மனுஷருக்குள் இப்படி ஒரு வக்கீல் ஒளிந்திருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். வாசல் கதவைச் சாத்திவிட்டு, வயிறு வலிக்கிற மட்டும் சிரித்தேன்.

மார்ச் 5, புதன்

மேடம் வந்தார், போனார்.

ஃப்ளாரன்ஸ் மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. வெயிலில் வந்து, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். என் சொம்பின் பளபளப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழாயைப் பார்க்கவில்லை. ஷவரைப் பார்க்கவில்லை. குத்துவிளக்கு பக்கம் திரும்பவே இல்லை! இத்தனை நாள் நான் யாருக்காகத் தேய்த்தேன்? எங்களுக்குச் சண்டை வருமா, வந்தால் யார் முதலில் பேசுவது, பிள்ளை பொய் சொன்னால் என்ன செய்வீர்கள், ராத்திரி அழுதால், பெற்ற அம்மாவைப் பற்றிக் கேட்டால். இப்படியே கேள்வி. இவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து ஒரு வரி சொன்னார். நான் யோசிக்காமல் பத்து வரி சொன்னேன்.

டீ போட அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வந்துவிட்டார். "கிரைண்டர் என்ன, அடுப்புக்கு இவ்வளவு பக்கத்துல?" என்றார். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எல்லாம் கொட்டிவிட்டது. எலுமிச்சை உப்பு, தோசை வட்டம், கடப்பா, ஜெயக்கொடி அக்கா, ஒன்று விடாமல். கிரைண்டரை நகர்த்தியும் காட்டினேன்.

மேடம் சிரிக்கவில்லை. "சரி, இதை உங்க பிள்ளை செஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"எண்ணெய் தடவி மறைச்சிருவேன் மேடம்" என்றேன்.

ஏதோ எழுதிக்கொண்டார்.

மறைச்சிருவேன் என்று ஏன் சொன்னேன்? பிள்ளை செய்த தப்பை மறைக்கிற அம்மா என்று எழுதியிருப்பாரோ? கண்டிக்கத் தெரியாதவள் என்று எழுதியிருப்பாரோ? நிதானமாக எடுத்துச் சொல்வேன் என்று சொல்லியிருக்கலாம். அன்பாகப் புரியவைப்பேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அவர் பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் வாயில் முதலில் எலுமிச்சை உப்பைப் போடவேண்டும்.

மார்ச் 29, சனி

மேடத்தின் அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்று மட்டும் மெசேஜ் வந்தது. தேறிவிட்டோம்! தேறிவிட்டோம்! இனி பிள்ளை எப்போது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். இவர் இரண்டு பொட்டலம் காராச்சேவு வாங்கிவந்தார். இவர் அகராதியில் அது வாணவேடிக்கை.

ஏப்ரல் 11, வெள்ளி

செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழா. என் பெயர்க்காரியின் வாசலில் நல்ல கூட்டம். இவர் ஒரு பலூன் வாங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதை ஊதி ஜன்னலில் கட்டியிருக்கிறார், பின்னிய கயிற்றில்.

மே 6, செவ்வாய்

போன் வரவில்லை. கெட்டிலில் உப்பு பிடிக்கவில்லை. இருந்தாலும் சுத்தம் செய்தேன்.

மே 23, வெள்ளி

கெட்டில்.

ஜூன் 18, புதன்

பெயர் இசக்கி! ஆறு வயது!

கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது போட்டோவோடு மெசேஜ் வந்தது. போட்டோவில் நெற்றி முழுக்க முடி, கீழே முன்பல் ஒன்று இல்லை, யாரோ சிரிக்கச் சொன்னதால் கோபமாக இருக்கிறாள். என்னோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளை கேட்டேன் அல்லவா, முகத்திலேயே எழுதியிருக்கிறது! சுடலைமணி அண்ணனுக்கு ஒரு கிலோ சிட்ரிக்குப் பதிலாகப் பத்துக் கிலோ என்று பில் அடித்துவிட்டேன். அண்ணாச்சி பில்லைக் கிழித்துப்போட்டு, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் செர்ரிப்பழம் கொடுத்தார்.

ஃப்ளாரன்ஸ் மேடம் போனில் ஒன்று சொன்னார். மறைக்கக்கூடாது என்பதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிள்ளையாம். ஒத்துப்போகவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். படுக்கையை நனைத்தாளாம், டி.வி.யில் எதையோ எறிந்தாளாம்.

டி.வி.! துணிக்கடையில் சாயம் போன புடவையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! அந்த மகராசன் மகராசி இரண்டு பேரும் என் கையில் கிடைத்தால் தெரியும். சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இவரிடம் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சரி, வரட்டும்" என்றார். அப்புறம் முகம் கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ப் பஞ்ச ஊரில் இப்படியா தண்ணீரைச் செலவழிப்பது? நானும் சிட்ரிக் கொட்டியதில் கண் எரிந்து உட்கார்ந்திருந்ததால் சத்தம் போடவில்லை.

ஜூலை 9, புதன்

வந்துவிட்டாள். வீட்டில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடக்கிறது. நான் மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பேசவில்லை. தலையாட்டுகிறாள், அவ்வளவுதான். ரோஸ் கலர் ஸ்கூல் பை ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். அதை நடையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துவைத்திருக்கிறேன் என்று காட்டினேன். பார்த்தாள். பையைத் திறக்கவில்லை.

ஜூலை 12, சனி

துவைத்துக் காய்ந்த கவுனை மடித்து அலமாரியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது பைக்குள் போய்விட்டது. மறுபடி எடுத்து வைக்கவில்லை. இருக்கட்டும்.

கீழ்க் குழாயைத் திறந்தாள்! தானே குனியாமல் முகம் கழுவினாள்! இதற்கு நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து அவளே ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தலைவாரக் கூப்பிட்டேன். வரவில்லை. நான் சீப்பை எடுத்தாலே இரண்டு அடி பின்னால் போகிறாள். முடி முகமெல்லாம் விழுந்து கிடக்கிறது. இவர் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் திரைக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி பின்னிக்கொண்டிருந்தார். இசக்கி வந்து நின்று பார்த்தாள். அப்புறம் திரும்பி இவர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்தார்.

இரட்டைச் சடை. வகிடு நேர். மடித்துக் கட்டிய ரிப்பன் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பிப்ரவரியிலிருந்து பழகியிருக்கிறார்! டேப்பிலும் கயிற்றிலும்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். எலுமிச்சை உப்பு டப்பா அடுப்படியில்தான் இருந்தது, நானும் அடுப்படிப் பக்கம்தான் நின்றேன், அதனால் கண்ணில் பட்டிருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

படுக்கை நனைந்தது. அதிகாலையிலேயே அலசிக் கொடியில் போட்டுவிட்டேன். மஞ்சள் பூப்போர்வைக்குக் கொடியில் நல்ல வெளிச்சம். அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வா, இட்லி ஆறுது என்றேன். செருப்போடேயே வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

முழுசாக எழுதவேண்டும். விட்டுவிடக்கூடாது.

வெயிலுக்கு எலுமிச்சை ஜூஸ் போடலாம் என்று பழத்தை அறுத்து, "பிழியத் தெரியுமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஸ்டூல் போட்டு மேடைக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். இதுவரை அவளாக எதையும் தொட்டதில்லை. பிழிகிறாள்! நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, முழங்கை வரை சாறு வழிய வழியப் பிழிகிறாள்! நான் கொடியில் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன்.

வந்தால் ஸ்டூல் காலி. மேடையில், பாதிப் பழம் கவிழ்ந்து கிடந்த இடத்தில், ரூபாய்க் காசு அளவில் வெள்ளை வட்டம். பக்கத்தில் கைப்பிடித் துணி, தண்ணீர், சோப்பு. எவ்வளவு தேய்த்திருக்கிறாள்!

வாசலுக்கு ஓடினேன். நடையில் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் பை. காலில் செருப்பு. கவுனின் முன்பக்கமெல்லாம் ஈரம்.

"எங்க ராசாத்தி?"

முதல் தடவையாக வாய் திறந்தாள். "கறை போகல ஆன்ட்டி."

"அதுக்கு?"

"நானே போயிருதேன். வண்டியில கொண்டு விடாண்டாம்."

அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அழாமல் சொன்னதுதான் என்னை அறுத்தது. கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிவந்தேன். "இந்தா, இதத் தள்ளணும், புடி" என்று கிரைண்டரைக் காட்டினேன். இரண்டு பேரும் தள்ளினோம். மார்ச்சில் மேடத்துக்குக் காட்டிய பிறகு, இன்றைக்குத்தான் நகர்ந்தது.

என் தோசை வட்டம். அவளுடைய காசைவிடப் பத்து மடங்கு பெரியது. வெளேரென்று.

இசக்கி வாயைப் பிளந்து பார்த்தாள். "யாரு பண்ணுனா?"

"நாந்தான்."

"வேணும்னா?"

"இல்ல. சுத்தம் பண்ணுதேன்னு போட்டேன். கெட்டுப்போச்சு."

அவள் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். சொரசொரப்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். அப்புறம் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"உங்கள யாரும் திருப்பி அனுப்பலயா?"

"எங்க அனுப்புவாங்க? இது என் வீடுல்லா" என்றேன். "நீ எத்தன கறை வச்சாலும் ஒன்னையும் எங்கயும் அனுப்ப முடியாது. ஒனக்கும் இதான் வீடு."

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இவர் எப்போது வந்தாரோ, பின்னால் நின்றிருக்கிறார். எங்களைத் தாண்டி வந்து, மிச்சமிருந்த பாதிப் பழத்தை எடுத்து, என் வட்டத்துக்கும் அவள் வட்டத்துக்கும் நடுவில் கவிழ்த்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். சாமி முன்னால் சத்தியம் செய்கிறவர் மாதிரி. ஜூஸுக்கு வைத்த ஐஸ் டம்ளரில் கரைந்துகொண்டிருந்தது.

கையை எடுத்தார். பழத்தை எடுத்துத் துடைத்தார். மூன்றாவது வெள்ளை, நன்றாக வட்டமாகக்கூட இல்லை.

"மிஷின் அங்கிள், ஒங்களுது கோணல்" என்றாள் இசக்கி.

"முதல் தடவ கோணலாத்தான் வரும். பழகணும்" என்றார் இவர். அப்புறம் இந்த மனுஷர், சத்தியமாகச் சொல்கிறேன், நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். டம்ளர் ஆடியது. இசக்கி, பல் இல்லாத இடம் தெரிய, சிரித்தாள்.

"எண்ணெ தடவுனா தெரியாதுன்னு அன்னைக்கு மேடத்துட்ட சொன்னேன்" என்றேன் இவரிடம்.

"வேண்டாம். தெரியட்டும்" என்றார்.

கிரைண்டரைப் பழைய மூலையிலேயே வைத்துவிட்டோம். ஜெயக்கொடி அக்கா வந்தால், கிரானைட் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் நடையைக் கூட்டப் போனேன். கதவுப் பக்கத்தில் பை இல்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், பை காலியாகக் கதவு ஆணியில் தொங்குகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு கவுன், ஒரு பாவாடை, ஒரு கலர் பென்சில் டப்பா. மடித்தது மடித்தபடி, கோணலாக அடுக்கியிருக்கிறது.

ஒன்றை எழுதிவைத்துவிடுகிறேன். எலுமிச்சை உப்பை இன்றைக்கு நான் திறக்கவே இல்லை. பழம் பிழிந்ததும் நானில்லை. கண்ணில் எதுவும் படவில்லை. அழுதேன்.